ஜீப்பு இழுக்கும், சரி. நிறுத்துமா?

முதல்ல ஒரு சொல் விளக்கம். தமிழ்நாட்டில் கேரவன் என்றால் ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நடிகர்கள் ஏறி உட்காரும் ஏசி வண்டிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். நான் சொல்லப்போவது அது இல்ல. சொந்தமாக என்ஜின் கிடையாது, ரெண்டு சக்கரம், உள்ளே படுக்கை, அடுப்பு. முன்னாடி போகிற வண்டி அதைக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கேரவன் என்றால் இந்தப் பெட்டிதான். எனக்கும் என் சித்தப்பா மகனுக்கும் அப்படி ஒண்ணு செய்ய ஆசை வந்தது. அந்த ஆசையையும், அது தொடர்பாக எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகளையும் விமர்சிப்பதுதான் இந்தக் கட்டுரை.

சித்தப்பாவிடம் ஒரு மஹிந்திரா எம்எம் 540 இருக்கு. ஓர் அரசு அலுவலக ஏலத்தில் எடுத்தது. பெஜோ வழி வந்த 2,112 சிசி டீசல் என்ஜின், அறுபத்துச் சொச்சம் குதிரைத்திறன், முன்னும் பின்னும் கமான் பட்டை, நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். லீவரைத் தள்ளினால் நாலு சக்கரமும் இழுக்கும். போன வருஷம் ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போய்த் தேர் பார்த்துவிட்டு, அப்படியே பிச்சாவரம், சாமியார்பேட்டை என்று மூணு நாள் சுற்றலாம் என்று திட்டம். கடலூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் பெட்டி தயாரானது. பின்கதவைத் திறந்தால் சமையல் மேடை, அதுக்குக் கீழே நூறு லிட்டர் தண்ணித் தொட்டி. பார்க்க அழகாத்தான் இருந்தது.

பெட்டி தயாராகிக்கொண்டிருந்த ஒரு மாசமும் ஆளுக்கொரு அறிவுரை. எல்லாத்தையும் சுருக்கினால் நாலு வாக்கியம்:

ஜீப்பு எதையும் இழுக்கும்.
பின்னாடி இறங்கினா ஒரு பட்டை ஏத்திக்கலாம்.
ஃபோர் வீல் இருக்கே, அப்புறம் என்ன பயம்?
டிராக்டர் டிப்பருக்கே பிரேக் கிடையாது, இதுக்கு எதுக்கு சார்?

இந்த நாலையும் நானும் நம்பினேன்.

புதுச்சத்திரத்தில் நடந்தது

கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தஞ்சு கிலோமீட்டர்கிட்ட வரும். கடலோரமாக வடக்கு தெற்காகப் போகிற சாலை. சிப்காட், ஆலப்பாக்கம் வரைக்கும் பிரச்சினை இல்ல. புதுச்சத்திரம் தாண்டி ரோடு நல்லா இருக்கேன்னு தம்பி அறுபத்தஞ்சுக்குப் போனான். ஒரு பஸ் வலது பக்கம் ஒட்டி ஏறிப்போனது. அது தாண்டினதும், அதுவரை மறைந்திருந்த காத்து திடீரென்று பெட்டியை அடித்தது. பெட்டி இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது, மறுபடி இன்னும் அதிகமாக இடது பக்கம் போனது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜீப்பின் வால் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டது. பின் பெஞ்சில் இருந்த என் பொண்ணு, "அப்பா, வீடு ஆடுதுப்பா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

தம்பி பயந்து போய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பிரேக்கை மிதிக்கவில்லை. ஆடுகிற பக்கத்துக்கு எதிராக ஸ்டீரிங்கை ஒடிக்கவும் இல்லை. அதுதான் சரியான செயல் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். அன்னைக்கு அது அறிவு இல்ல, திகைப்பு. வேகம் குறையக் குறைய நாலைந்து ஆட்டத்தில் பெட்டி தானாக அடங்கியது. ஜீப்புக்குள்ளே நாலு பெரியவங்க, மூணு குழந்தைங்க.

ஓரம் கட்டி டீக்கடையில் உட்கார்ந்தோம். ஒரு காலத்தில் மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர் ஒருத்தர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். கொக்கிப் பக்கத்துக் கம்பியை ஒரு கையால் லேசாக மேலே தூக்கிப் பார்த்தார். "பின்பாரம் தம்பி. மாடா இருந்தா இந்நேரம் கழுத்து இறுகியிருக்கும்" என்றார். தொட்டியின் குழாயை அங்கேயே திறந்துவிட்டோம். நாற்பதுக்கு மேல் போகாமல் சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம்.

1. இழுக்கிறது ஒரு சாதனையே இல்ல

ஊருக்குத் திரும்பியதும் ஜீப்பையும் பெட்டியையும் தனித்தனியாக எடை மேடையில் ஏற்றினோம். ஜீப் 1,380 கிலோ. பெட்டி, சாமானும் நிறைந்த தொட்டியும் சேர்த்து 820. பிரிட்டனில் புதிதாக இழுக்கிறவர்களுக்கு ஒரு பொதுவான ஆலோசனை உண்டு: நிறைந்த கேரவனின் எடை, இழுக்கும் காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கணும். எங்களுக்கு 1,173 கிலோ வரைக்கும் இடம் இருந்தது. கணக்குப்படி நாங்கள் பாஸ்.

ஆனால் அந்த ஆலோசனை இன்றைய கார்களை மனசில் வைத்துச் சொன்னது. எங்கள் ஜீப்பின் வம்சம் வேறு. மஹிந்திரா 1940களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கிய கதை தெரிந்ததுதான். அந்த வம்சத்தின் மூத்த வண்டி, இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்பி. அதில் அடித்திருக்கும் தகட்டிலேயே இழுக்கக்கூடிய அதிகபட்ச எடை 1,000 பவுண்டு என்று போட்டிருக்கும், அதாவது சுமார் 450 கிலோ. பீரங்கி இழுத்த வண்டி என்று நாம் பெருமை பேசும்போது, அதைச் செய்தவர்கள் அதன் மேலேயே எழுதி வைத்த எண் இது. எம்எம் 540 அதைவிடக் கனம், டீசல் என்ஜின், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் 80 அங்குலத்துக்குப் பதில் 91 அங்குலம். அதனால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். நாங்கள் மாட்டியது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

என்ஜின் திணறியதா? இல்லவே இல்ல. சின்ன கியரில் எதையும் நகர்த்தும் வண்டி அது. ஏமாற்றமே அங்கேதான் இருக்கு. நகர்ந்துவிட்டால் முடியும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

2. பட்டை ஏத்தினால் எது மாறும், எது மாறாது

கமான் பட்டையைக் குறை சொல்வது என் நோக்கம் இல்ல. கமான் என்றால் வில். நம்ம ஊர் வில்வண்டிக்குப் பெயர் வந்ததும் இதே பட்டையால்தான். எளிமையான சாதனம். ஒரு முனை சேஸிஸில் ஆணியோடு நிற்கும், மறுமுனை சாக்கிளில் ஆடும், நடுவில் அச்சை யு போல்ட் போட்டுப் பிடித்திருக்கும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே அதிர்வைக் கொஞ்சம் அடக்கும். மெயின் பட்டை உடைந்தால் கடலூரில் சாயங்காலத்துக்குள் மாற்றிவிடலாம். லாரிகள் இன்றும் அதன் மேல்தான் ஓடுகின்றன.

ஆனால் பழைய வண்டிகளில் பலர் மறக்கும் ஒரு விஷயம்: இந்தப் பட்டை எடையைத் தாங்குவதோடு, அச்சு இடம் வலமாக நகராமல் பிடித்து வைப்பதும் அதன் வேலைதான். இரு முனையிலும் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டால் பின் அச்சே கொஞ்சம் கொஞ்சம் ஆடும். பின்னாடி பெட்டி இல்லாதபோது இது தெரியாது. பெட்டி ஆட ஆரம்பித்தால், தேய்ந்த புஷ் அந்த ஆட்டத்துக்கு வழிவிடும். எங்கள் வண்டியில் பின்பக்கம் நாலு புஷ்ஷும் போயிருந்தது. எத்தனை வருஷமாகவோ.

இப்போ பட்டை ஏத்துவதற்கு வருவோம். ஒரு பட்டை கூடினால் வண்டியின் பின்பக்கம் நிமிரும், பார்வைக்குச் சரியாகிவிடும். கணக்கு மாறாது. கொக்கி பின் அச்சிலிருந்து 90 செ.மீ. தள்ளி இருக்கு. கொக்கியில் 75 கிலோ அழுத்தினால், ஏத்தப்பலகை மாதிரி, முன் சக்கரங்களிலிருந்து சுமார் 29 கிலோ குறையும், பின் அச்சில் 104 கிலோ ஏறும். எத்தனை பட்டை போட்டாலும் இந்த 29-உம் 104-உம் அப்படியேதான் இருக்கும். பள்ளத்திலும் வேகத்தடையிலும் அது பல மடங்காக அடிக்கும், ஸ்டீரிங் லேசாகும். நீளம் குறைந்த ஜீப்புக்கு இது இன்னும் அதிகம். பட்டை ஏத்துவது பல சமயம் நோயைக் குணப்படுத்தாமல் காய்ச்சல் மானியை மாற்றுகிற வேலை.

3. ஃபோர் வீல்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சாமியார்பேட்டை மணலில் சிக்கினால் ஃபோர் வீல் கடவுள். ஆனால் எங்கள் மாதிரிப் பழைய வண்டிகளில் நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது, காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டவே கூடாது, கியரும் அச்சும் முறுக்கிக்கொள்ளும். நிறுத்துவதில் அதுக்குப் பங்கே இல்ல. மாருதி ஆல்டோவுக்கும் நாலு சக்கரத்திலும்தான் பிரேக்.

4. முட்டுக்கட்டை

சிதம்பரத்தில் ஜீப்பை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு நடந்து போனோம். நாலு தேர் வீதிகளிலும் கூட்டம். ஐந்து தேர்கள், நடராஜர் தேர்தான் பெரியது. வடம் பிடிக்க ஜனங்களுக்குள் போட்டி. கை வைத்தால் போதும், புண்ணியம். நானும் வைத்தேன். ஆனால் அந்த வருஷம் என் கண் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே சில பேர் குனிந்தபடியே கூட நடந்து வருகிறார்கள். கையில் மரக்கட்டை. தேர் வேகம் பிடித்தால் சக்கரத்துக்கு அடியில் கட்டை. திரும்பணும் என்றால் ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் திருப்புகிறார்கள். கட்டை போட்ட உடனே கையை இழுத்துக்கொள்ளணும். யாரும் அவர்களைப் பார்த்துக் கும்பிடுவதில்லை.

வடம் பிடிக்கும் ஆயிரம் பேரில் நூறு பேர் கையை எடுத்தாலும் தேர் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். கட்டை போடுகிறவர் ஒருத்தர் தவறினால் தேர் வீட்டுத் திண்ணைக்குள் போகும். ஆனாலும் நம் பேச்சுவழக்கைப் பாருங்கள். வடம் பிடிப்பது பெருமை. "முட்டுக்கட்டை போடாதே" என்பது திட்டு. நல்ல காரியத்தைக் கெடுக்கிறவன் என்று அர்த்தம். தேர் ஓடும் ஊர்க்காரர்களே இப்படிப் பேசுகிறோம் என்பது எனக்கு அன்றைக்கு விசித்திரமாகப் பட்டது. ஜீப் பற்றிய நாலு வாக்கியங்களும் வடம் பிடிக்கிறவர்களின் வாக்கியங்கள்.

எங்கள் பெட்டிக்குக் கட்டை போட ஆள் இல்ல. 1,380 கிலோவை நிறுத்தச் செய்த டிரம் பிரேக்குகள் 2,200 கிலோவை நிறுத்த வேண்டியிருந்தது, ஆளுங்க எடை தனி. வேகம் ரெண்டு மடங்கானால் பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் நாலு மடங்காகும் என்பதும் பள்ளிக்கூடப் பாடம்தான். ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்தமாக பிரேக் இருந்தே ஆகணும். அதுக்கு அவர்கள் பயன்படுத்தும் ஏற்பாடு ரொம்ப எளிமை. முன் வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் அதை முட்டும். அந்த முட்டுதலில் கொக்கிக்குள் ஒரு தண்டு பின்னுக்குத் தள்ளப்படும், அது கேபிளை இழுக்கும், கேபிள் டிரெய்லர் சக்கரத்து டிரம்மைப் பிடிக்கும். மின்சாரமோ கம்ப்யூட்டரோ வேண்டாம். நல்ல ஃபிட்டர் ஒருத்தருக்கு விளங்காத சமாச்சாரம் இல்ல.

டிராக்டர் டிப்பருக்குக் கிடையாதே என்ற வாதத்துக்குப் பதில்: டிராக்டர் முப்பதில் போகிறது. அப்படியும் நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு பக்கம் கரும்பு சீசனில் ராத்திரி ரோட்டில் போய்ப் பாருங்கள். கரும்பு மூடிய, பின்விளக்கு இல்லாத டிரெய்லரின் பின்னால் பைக்கில் போகும் யாருக்கும் "டிப்பருக்கே கிடையாது" என்பது சமாதானமாக இருக்காது. ஒரு குறையை இன்னொரு குறைக்கு நியாயமாகக் காட்டுகிற வழக்கம் இது. இன்னொண்ணும் ஒப்புக்கொள்ளணும். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லர் தனி வாகனம், அதுக்குத் தனிப் பதிவு வேணும். எங்கள் பெட்டிக்கு அன்று அது இல்ல. பட்டறையைக் குறை சொல்லிப் பயனில்ல. கேட்காதது நாங்கள்.

5. மாட்டுவண்டி அறிவு எதுவரை?

டீக்கடைப் பெரியவர் சொன்னதை வைத்துக்கொண்டு "நம் முன்னோருக்குத் தெரியாததா" என்று கட்டுரையை முடித்திருக்கலாம். படிக்கிறவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் அது பாதிதான் உண்மை.

உண்மையான பாதி இது. முன்பாரமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரமானால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். கொஞ்சம் முன்பாரம் நல்லது. கேரவன் இழுக்கிறவர்களும் இதையேதான் எண்ணில் சொல்கிறார்கள்: பிரிட்டனில் கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியில் அழுத்தணும், ஆஸ்திரேலியாவில் சுமார் 10 சதவீதம். வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினைக் கொக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தோம். எங்கள் பெட்டியில் 18 கிலோ, ரெண்டு சதவீதம். தண்ணித் தொட்டியைப் பின்னாலிருந்து சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தியதும் 75 கிலோ ஆனது. ஒரு சாமானும் குறைக்கவில்லை, இடம்தான் மாறியது. பெரியவரின் கை அந்த மெஷினுக்குச் சமம்.

மீதிப் பாதி, மாட்டுக்குத் தேவைப்படாத அறிவு. காவடி மாதிரி கனத்தை ரெண்டு முனையிலும் வைத்து நடுவைக் காலியாக விட்டாலும் கொக்கியில் சரியான எடை காட்டலாம். ஆனால் காவடித் தண்டைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திரும்ப ஆரம்பிக்கவே லேட்டாகும், ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். கனம் சக்கரத்துக்குப் பக்கத்தில் குவிந்திருந்தால்தான் பெட்டி ஆடினாலும் அடங்கும். மாட்டுவண்டி வேகத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வேகம் உண்டு. அதுக்குக் கீழே ஆட்டம் தானாக அடங்கும், மேலே போனால் தானாக வளரும். பழைய ரெண்டு வழிச் சாலையில் நாற்பது, ஐம்பதில் ஓடியவரை நம் வண்டிகளின் குறைகள் மறைந்தே இருந்தன. ரோடு அகலமாகி வேகம் கூடும்போது அவை ஒவ்வொன்றாக வெளியே வரும். கூடவே காத்து. ஆனி, ஆடியில் இங்கே மேல்காத்து. சாலை வடக்கு தெற்கு. பெட்டியின் அகலமான விலாப்பக்கம் முழுசும் அதுக்கு எதிரில் நிற்கும். ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் ஒன்பதடி உயரத் தகரப் பெட்டியை இழுக்கிறோம்.

முன்னோரிடம் கற்க வேண்டியது வேறொன்று இருப்பதாக நினைக்கிறேன். பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டியை விவரமாகக் காட்டுகிறது. கோழிக்கூடு, தொங்கவிட்ட சின்ன உரல், காடிப் பானை, கைக்குழந்தையோடு மாட்டை ஓட்டும் பெண். சக்கரத்தில் போகும் வீடு, நிஜமான கேரவன். வண்டிக்குப் பக்கத்திலேயே வலுவான ஆட்கள் காவலாக நடக்கிறார்கள். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், அதே உமணர்கள் மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சை, அதாவது உபரி அச்சை, அதியமான் மகனுக்கு உவமையாகச் சொல்கிறார். ஓர் இளவரசனைப் புகழ அவருக்கு வேகமான குதிரையோ வலுவான எருதோ தேவைப்படவில்லை. உடைந்தால் என்ன செய்வது என்று யாரோ முன்கூட்டியே யோசித்துக் கட்டி வைத்த ஒரு கட்டை போதுமானதாக இருந்தது. ஜீப் பற்றிய நம் பெருமைப் பேச்சில் இல்லாதது அந்த யோசனைதான்.

இப்போதைய நிலவரம்

படித்துவிட்டு யாராவது செய்யப்போகிறீர்கள் என்றால், நாங்கள் செய்த வரிசை இது: முதலில் எடை மேடை. அப்புறம் கொக்கிப் பாரம். புஷ், சாக்கிள், ஷாக் அப்சார்பர், டயர். கனமானதெல்லாம் சக்கரத்துக்குப் பக்கத்தில், தரையில். பட்டை ஏத்துவது கடைசி, பெரும்பாலும் தேவைப்படாது. ஐம்பதுக்கு மேல் போகக்கூடாது. பிரேக் இல்லாமல் 450 கிலோவுக்கு மேல் இந்த ஜீப்பில் மாட்ட மாட்டோம் என்பது நாங்களே போட்டுக்கொண்ட விதி. ஃபிரிட்ஜையும் இரும்புக் கட்டிலையும் கழற்றியும் பெட்டி அந்த எடைக்கு இறங்கவில்லை. முட்டும்போது பிடிக்கும் அந்த பிரேக்கைச் செய்ய ஒரு ஃபிட்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுக்கப்புறம்தான் பதிவுக்குப் போகணும்.

அதனால் இந்த வருஷம் ஆனித் திருமஞ்சனத்துக்குக் கடலூர் முதுநகரில் ரயில் ஏறிச் சிதம்பரம் போனோம். பெட்டி சித்தப்பா வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் நிற்குது. சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை கொடுத்திருக்கோம். குழந்தைங்க உள்ளே வீடு கட்டி விளையாடுறாங்க.